வெள்ளிக்கிழமைப் பெருநாள் காசு

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் முட்டாள் என்பது புதுச் செய்தி அல்ல. போன வாரம் குஜிலியம்பாறைப் பக்கம் போய், வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் கிழட்டு ஆடு வாங்கி வந்த கதையைப் படித்துவிட்டு, என் சொந்த மச்சினனே போன் செய்து, "ஒளிவு மறைவில்லாம எழுதுறீங்க மச்சான்" என்று பாராட்டினான். இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்கள் வசதிக்காக ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் முட்டாள். அதிலும் யோசனை சொல்லுகிற வகை. சாதாரண முட்டாள் தன் வீட்டோடு நிறுத்திக்கொள்வான். யோசனை சொல்லுகிறவனுக்குத் தெருவே வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அசர் தொழுகை முடிந்து வந்து வீட்டுப் படியில் கால் வைக்கிறேன், எதிர்வீட்டு வாசலில் பிள்ளைகள் வரிசை. தெருவில் நடக்கத் தெரிந்தது அத்தனையும் நின்றது. நடக்கத் தெரியாததை அக்காமார் இடுப்பில் வைத்திருந்தார்கள். பீரோவிலிருந்து அவசரமாக உருவிய பெருநாள் உடுப்பு, அதில் பாச்சா உருண்டை வாசனை, அதற்கு மேல் அத்தர். ஒரு பொடியனுக்குக் கண்ணில் இட்ட சுருமா கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது.

பெருநாள் வர இன்னும் பல மாதம் கிடந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் பெரியத்தா!" என்று கோரஸ் கிளம்பியது.

எதிர்வீட்டுப் படியில் காசிம் ராவுத்தர் நின்றிருந்தார். சட்டைப்பைக்குள் விட்ட கையை எடுக்கவும் முடியவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை. அவருக்குப் பின்னால் மருமகள் பர்வீன், தோளில் பை, இடுப்பில் கைப்பிள்ளை. அவள் பிள்ளைகளையும் பார்க்கவில்லை, மாமனாரையும் பார்க்கவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு அவள் இருந்திருக்க வேண்டிய இடம் அந்த முனைக்கு அப்பால் இருந்தது.

அந்தக் கூட்டத்தைக் கூட்டியவன் நான். வாயை வைத்தே கூட்டினேன்.

வேலை கிடைத்த செய்தி

என் மகள் நிலோபர் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்த புதிது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வெஞ்சனமாக வைத்த காயைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அத்தா, எனக்கு வேலை கெடச்சிருக்கு."

"எந்தக் கம்பெனில தாயி?" என்றேன். பெரிய நகைச்சுவை செய்துவிட்டதாக நானே சிரித்தேன். வேறு யாரும் உதவிக்கு வரவில்லை.

"எதுத்த வீட்டுலதான். பர்வீன் அக்கா கிளாசுக்குப் போற நேரம் இர்பானப் பாத்துக்கணும். அஞ்சுலேருந்து ஏழு. வாராவாரம் சம்பளம்."

என் மனைவி ஜெய்தூனின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

பர்வீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் சவூதியில். இங்கே மாமனாரும் அவளும் கைப்பிள்ளையும்தான். கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். இப்போது ஹையர் எழுத வேண்டும் என்று கிளம்பியிருந்தாள். தமிழ் ஒரு மணி நேரம், இங்கிலீஷ் ஒரு மணி நேரம். பாஸ் செய்துவிட்டால் ஆபீஸ் வேலைக்கு எழுதிப்போடலாம். தெருமுனைக்கு அப்பால் இருக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மிஷின் கொஞ்சம், ஆள் ஏராளம். பரீட்சை நெருங்குகிற சமயத்தில் தொடர்ந்து வராதவர்களின் மிஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மிஷின் போனால் பரீட்சை போனது.

"புள்ளயத் தூக்குறதுக்குக் காசா?" என்றாள் ஜெய்தூன். "நாளைக்கு தண்ணி மோந்து குடுத்தாலும் காசு கேப்பியாடி? இந்தத் தெருவுல ஒன்னய எத்தன பேரு தூக்கி வளத்தாக. யாராச்சும் கூலி கேட்டாகளா?"

"கேக்கலம்மா. அதான் நெனச்ச நேரத்துல எறக்கி விட்டுட்டுப் போயிருப்பாக."

"வாயப் பாருங்க இவளுக்கு!"

"போன மாசம் சும்மாதானம்மா பாத்துக்கிட்டேன்? ஒரு நாளு கூட்டாளிங்க வந்தாங்கன்னு போகல. ஒரு நாளு மாமி வீட்டுக்குப் போயிட்டோம். அந்த ரெண்டு நாளும் அக்கா கிளாசுக்குப் போகல. ஏன்டி வரலன்னு என்னய ஒரு வார்த்த கேக்க முடியல அவங்களால. சும்மா வர்றவள எப்படிக் கேக்குறது? சம்பளம்னா கேக்கலாம்ல?"

ஜெய்தூன் என்னைப் பார்த்தாள். பதில் தெரியாத கேள்விகளை என் பக்கம் தள்ளுவது அவள் வழக்கம். எனக்கும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நான் திணறுவதைப் பார்ப்பதில் ஒரு ஆறுதல்.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு தாயி" என்றேன் கம்பீரமாக. "பதினாலு வயசு முடியாம வேலைக்கு வச்சா கேசாயிரும்."

"போன மாசந்தான் முடிஞ்சுச்சு. அதுக்குத்தான் இம்புட்டு நாளு பேசாம இருந்தேன். நம்ம மண்டிலயே போர்டு மாட்டிருக்கீங்களேத்தா."

என் தோல் மண்டியில் மாட்டியிருக்கிறேன்தான். குழந்தைத் தொழிலாளர் இங்கே இல்லை என்று சிவப்பு எழுத்தில். மழைக்காலத்தில் குடையை அதன் மேல்தான் தொங்கவிடுவேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படித்த முதல் ஆள் என் மகளாகத்தான் இருக்க வேண்டும்.

இளம் தொழிலதிபர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப்போக வேண்டியிருக்கிறது. இதே மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் போன வருஷம் 'இளம் தொழிலதிபர் தினம்' என்று ஒரு கூத்து நடந்தது. பிள்ளைகளுக்கு உழைப்பின் அருமை தெரிய வேண்டுமாம். மைதானத்தில் பந்தல், மேசை, பலூன். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் கோட்டு போட்ட ஒரு தொழிலதிபர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

எலுமிச்சம்பழத்தை நான் பிழிந்தேன். சமோசாவை ஜெய்தூன் பொரித்தாள். பக்கத்து மேசைத் தொழிலதிபரின் பிரெட் அல்வாவை அவனுடைய அம்மா கிண்டியிருந்தாள், மேசையைத் தூக்கி வந்தது அவனுடைய அத்தா. எங்கள் ஜூஸை அவர் குடித்தார், அவர்கள் அல்வாவை நான் தின்றேன். விற்றது பெற்றோர், வாங்கினது பெற்றோர், வயிறு கெட்டது பெற்றோர். சர்ட்டிபிகேட் மட்டும் பிள்ளைகளுக்கு.

தலைமையாசிரியை மைக்கில், "சிறு வயதிலேயே வேலை செய்யும் ஆர்வத்தை விதைக்க வேண்டும்" என்றார். கை வலிக்கத் தட்டினோம். அந்த விதை ஒரு வருஷம் கழித்து என் வீட்டிலேயே முளைத்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது, அதைப் பிடுங்கி எறிய முதலில் ஓடியவர்கள் கை தட்டின அதே நாங்கள்தான். பலூனும் பந்தலும் இருந்தால் வேலை நல்லது. பக்கத்து வீட்டுக்காரிக்கு உண்மையாகவே உபயோகப்பட்டால் அது மானக்கேடு.

உப்புப் போட்ட பையன்

என்னை மட்டும் யார் கேட்டார்கள், 'வேலைக்குத் தயாரா அப்பு' என்று? ஒரு கோடை லீவில், உப்புச் சட்டியைத் தூக்க முடிகிறதா என்று அத்தா பார்த்தார். முடிந்தது. அன்றைக்கே தோல் மண்டிக்குக் கூட்டிப்போய்விட்டார். ஆட்டுத்தோலை விரித்து, சதைப்பக்கம் உப்பைத் தூவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கெட்டுப்போகாமல் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டுமே, அதற்காக. தூவுகிற வேலை எனக்கு.

மத்தியானம் வரைக்கும் தூவினேன். அதன் பிறகு அடுக்குக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக ஒரு மூலை கிடைத்தது. படுத்தேன். தூங்கிவிட்டேன். அடுத்து வந்த ஆள் அந்த மூலை இருட்டில் வேறுபாடு பார்க்கவில்லை. எனக்கும் சேர்த்து உப்புப் போட்டுவிட்டார். மேலே தோலை விரிக்க வந்தபோதுதான் காலைப் பார்த்திருக்கிறார். "மொதலாளி, இதுல ஒண்ணு இன்னும் உரிக்கல" என்று கத்தினாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வருகிறேன். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று என் கையை நக்க ஆரம்பித்தது. உப்பு ருசி கண்டுகொண்டு தெரு முழுக்க என் பின்னாலேயே வந்தது. காலையில் இருந்து நான் என்ன வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூஞ்சியில் முட்டியிருக்கும்.

அத்தோடு என் முதல் வேலை முடிந்தது. இன்றைக்கு அதே மண்டிக்கு நான் முதலாளி. மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கருத்துச் சொல்வேன். உட்கார்ந்த இடத்தில் தூங்குகிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெஞ்சில் நடந்த விசாரணை

நிலோபர் விஷயம் பெஞ்சுக்கு வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. காசிம் ராவுத்தர் டீ கிளாசைக் கீழே வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஏப்பா, ஒம் மக எம் பேரனத் தூக்க கூலி கேக்குறாளாம்ல?"

"சின்னப் புள்ள அண்ணே, ஏதோ ஆசைக்கு..."

"ஆசைக்கு பூ வைக்கட்டும், மருதாணி வைக்கட்டும். கூலிக்கு ஆளு வச்சுப் புள்ள வளக்குறான் காசிம்னு ஊருக்குள்ள பேசுனா எனக்கு மதிப்பா? சவூதில இருக்குறவன் காதுல விழுந்தா என்ன நெனப்பான்?"

சாணார்பட்டிப் பக்கத்துச் செல்வராசு அன்றைக்குப் பெஞ்சில் இருந்தார். மல்லிகைத் தோட்டக்காரர். பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு டீ குடிக்க வருவார். எங்கள் சண்டைகளைக் கேட்பதற்காகவே ஊருக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிடுகிறவர்.

"அப்ப நீங்களே பாத்துக்கிற வேண்டியதுதானண்ணே. செத்த நேரந்தான" என்றார்.

"நானா?" என்றார் ராவுத்தர். மாட்டு வண்டியை நீயே இழு என்று சொன்னதுபோல ஒரு பார்வை. அந்தப் பேரன் பிறந்த நாளில் காதில் பாங்கு சொல்லத் தூக்கியவர்தான். அதற்குப் பிறகு அவர் கை அந்தப் பிள்ளையின் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

செல்வராசு உற்சாகமாகிவிட்டார். "எங்கூர்ல எல்லாம் இம்புட்டுப் பேச்சே கெடையாதுண்ணே. விடியறதுக்குள்ள எம்மக பூவெடுத்துட்டுத்தான் பள்ளிக்கொடம் போகுது. வேலைக்கு ரெடியான்னு ஒரு பய கூட்டம் போட்டதில்ல."

"கூலி குடுக்குறீங்களா?" என்றேன்.

"நம்ம தோட்டந்தானண்ணே, அதுக்கு எதுக்குக் கூலி? கூலி வெளியாளுக்கு."

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். பிறகு என்னவோ யோசித்தவர்போல கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் பஸ்ஸைத் தவறவிடவில்லை.

நான் ஒருவன் அப்போது வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். எழுந்தால் பெஞ்சில் இடம் போய்விடும். ஆகவே உட்கார்ந்தபடியே யோசனை சொன்னேன்.

"அண்ணே, கூலின்னு ஏன் பேரு வைக்கிறீக? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புள்ள கையில பெருநாக் காசு குடுத்ததா இருக்கட்டுமே. பெரியவுக குடுக்குறது, சின்னவுக வாங்குறது. மதிப்புக்கு மதிப்பு, வேலைக்கு வேலை."

ராவுத்தர் முகம் மலர்ந்துவிட்டது. "அது வேணாக் குடுக்கலாம்" என்றார். டீ மாஸ்டர் வரைக்கும் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு இன்னொரு டீ வந்தது.

வீட்டுக்கு வந்து நிலோபரிடம் சொன்னேன். 

"நான் லேட்டாப் போனா பெருநாக் காசப் புடிச்சுக்குவாங்களா அத்தா?"

"அது எப்படிப் புடிப்பாங்க? அன்பாக் குடுக்குறது."

"அப்ப அது சம்பளம் இல்ல." சொல்லிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பர்வீனுக்கு நேரமாகிறது என்பதற்காக.

வாசலில் வரிசை

பெருநாள் காசு பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெருநாளன்று பெரியவர்கள் வீட்டுக்குப் போய் சலாம் சொன்னால் பிள்ளைகள் கையில் மடிப்புக் கலையாத நோட்டு வைப்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்ற கணக்கு கிடையாது. ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பிள்ளையின் வீட்டோடு பேச்சு வார்த்தை முறிந்து, கல்யாணப் பந்தி வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஐம்பது வயது தாண்டிய ராவுத்தனான எனக்கு இது தெரியாதா? தெரியும். டீ குடிக்கும்போது ஞாபகம் வரவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை காசிம் ராவுத்தர் காசை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். அவருக்கு அதில் என்ன சுகம்? வாசல் படியில் நின்று, தொப்பியைச் சரிசெய்து, தெரு பார்க்க நீட்டினார். "இந்தாம்மா, பெரியத்தாவோட பெருநாக் காசு." தெரு பார்த்தது. தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மூன்று பேர் தலை சீவிக்கொண்டு வந்து சலாம் சொன்னார்கள். ராவுத்தர் பெருந்தன்மையாகச் சிரித்தபடி கொடுத்தார். அதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன பெருநாள்.

பையில் இருந்தது பாதி வரிசைக்குள் தீர்ந்தது. பீரோவைத் திறந்து கொண்டுவந்தார். அதுவும் தீர்ந்தது. இதற்குள் பின்தெருவுக்கும் செய்தி போய்விட்டிருந்தது. அவர் முகமே பார்த்திராத பிள்ளைகள் எல்லாம் பெரியத்தா பெரியத்தா என்று உருகின. சுருமாப் பொடியனின் முறை வந்தபோது அடுப்படியில் இருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காசு?" என்றான்.

ராவுத்தர் வெடித்தார். பிள்ளைகள் பறந்தன. பறக்காமல் நின்றது நிலோபர் மட்டும்தான். அவள் வேலைக்கு வந்தவள்.

"நீயும் போம்மா. இனிமே எந்தக் காசும் கெடயாது. எம் பேரன எங்க வீட்டுல பாத்துக்குவோம்."

"யாரு பெரியத்தா பாத்துக்குவா?"

 பர்வீன் தோளில் இருந்த பையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் என் மகள் என்னிடம் பேசினது ஒரே முறைதான். "நான் ஒரு நாளு லேட்டாப் போகலத்தா. ஒரு நாளு லீவு போடல. நீங்கதான் என் வேலயத் தொலச்சிட்டீங்க." ஜெய்தூன் என் தட்டில் வெஞ்சனம் வைக்க மறந்துவிட்டாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.

மிஷின் இல்லாத தட்டச்சு

அடுத்து வந்த நாள்களில் எதிர்வீட்டு ஜன்னலில் பர்வீன் தெரிவாள். இடுப்பில் பிள்ளை. சும்மா இருக்கிற கை ஜன்னல் கட்டையில் தாளம் போடும். ஏதோ பாட்டு என்று முதலில் நினைத்தேன். ஜெய்தூன்தான் சொன்னாள், "அது பாட்டு இல்ல. டைப்படிச்சுப் பழகுது அந்தப் புள்ள. ஒத்தக் கையில."

நிலோபர் பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் வாசல்படியில் புத்தகத்தோடு உட்காருவாள். எதிரே இர்பான் அவளைப் பார்த்துக் கையை நீட்டித் தாவுவான். இவள் பக்கம் புரட்டுவாள். படிக்கிற வேகத்தைவிடப் புரட்டுகிற வேகம் அதிகம் இருந்தது.

"சும்மா போய்ப் பாத்துக்க தாயி. அந்தப் புள்ள பாவம்ல" என்றேன்.

"சும்மா போனா, நாளைக்கு நீங்களே 'இன்னைக்குப் போகாத, வீட்டுல விருந்தாளு'ன்னு சொல்லுவீங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, போறேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் மச்சினன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தான். வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் வாயை மூடின சந்தர்ப்பம் அது ஒன்றுதான், அதிலும் யாருக்கும் லாபம் இல்லை.

இன்ஸ்டிடியூட்டில் இருந்து பர்வீனுக்குப் போன் வந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் மிஷின் வேறு ஆளுக்கு. ஜெய்தூன் இதைச் சொல்லிவிட்டு, ஈயைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "போயி அந்த மனுசன்கிட்டப் பேசுங்க. கெடுத்தது நீங்கதான."

திங்கட்கிழமை ஐந்து மணி

சமாதானம் பேச நான் எதிர்வீட்டுக்குள் நுழைந்த நேரம், பர்வீன் தோளில் பையோடு நின்றிருந்தாள். நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் மடியில், பேப்பருக்கும் வேட்டிக்கும் நடுவில் இர்பானை உட்காரவைத்தாள்.

"மாமா, செத்த பாத்துக்கங்க. கிளாசுக்குப் போயிட்டு ஏழு மணிக்கு வாரேன்."

கோபமும் இல்லை, சத்தமும் இல்லை. என்னைப் பார்த்து, "வாங்க சாச்சா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவள் நடை தெருமுனை வரைக்கும் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

இர்பானும் முதலில் அசையவில்லை. தாத்தாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எங்கள் லட்சணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு வீறிட்டான்.

ராவுத்தர் அவனைக் கைக்கு எட்டின தூரத்தில், சூடான குக்கரைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். "ஏப்பா, என்னமாச்சும் செய்யி." தொழில்முறையில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். கிடாய்போலக் கத்திக் காட்டினேன். பிள்ளை இன்னும் ஒரு கட்டை மேலே போய் அழுதான். பிஸ்கட் கொடுத்தோம், துப்பினான். தொட்டிலில் போட்டோம், தொட்டிலே குலுங்கியது. பிறகுதான் வாசனை வந்தது.

"மாத்தணும்ணே."

"நீ மாத்து."

"ஒங்க பேரன்ணே."

கடைசியில் ராவுத்தர் காலைப் பிடிக்க, நான் துணியை அவிழ்க்க, மாற்றுத் துணி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாததால், அவர் தோள் துண்டையே சுற்றிக் கட்டினோம். வேட்டி கட்டின மாதிரி வந்தது. கட்டின வேகத்தில் அவிழ்ந்தது. நூறு கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்த இரண்டு பெரிய மனிதர்கள், ஒரு முழத் துணியோடு தரையில் முட்டி போட்டுக்கொண்டிருந்தோம். மணியைப் பார்த்தேன். ஐந்தேகால்கூட ஆகவில்லை.

ராவுத்தர் எழுந்து வாசலுக்குப் போனார். எதிரே எங்கள் படியில் நிலோபர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அழுகைச் சத்தம் அவளுக்கு ஆரம்பத்தில் இருந்தே கேட்டிருக்கும். பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"நிலோபரு, இங்க வாம்மா."

"எதுக்கு பெரியத்தா?"

"புள்ளயப் பாத்துக்க."

அவள் எழுந்து நின்றாள். படியை விட்டு இறங்கவில்லை. "வேலைக்கா பெரியத்தா, சும்மாவா?"

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தண்ணிக்குழாயில் நின்ற பெண்கள் குழாயை அடைத்தார்கள். ராவுத்தர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றிவிட்டது.

"அண்ணே, இதுக்கு அன்பளிப்பு, ஹதியான்னு ஒரு பேரு வச்சு..."

"நீ வாய மூடு."

பிறகு தெருப்பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். "வேலைக்குத்தான்."

"சம்பளமா?"

"சம்பளந்தாம்மா! வாராவாரம் சம்பளம்! வந்து தொல!"

தெரு முழுக்கக் கேட்டது. வானம் இடிந்து விழவில்லை. குழாயைத் திறந்துவிட்டார்கள், குடம் நிறைகிற சத்தம் வந்தது.

நிலோபர் உள்ளே வந்ததும் கையைக் கழுவினாள். பிள்ளைக்கு நாங்கள் கட்டின துண்டு வேட்டியை உருவி ஓரமாகப் போட்டாள். அலமாரிக்குக் கீழ்த்தட்டில் இருந்து துணியை எடுத்து மாற்றினாள். பிள்ளையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். விக்கல் விக்கலாகக் குறைந்த அழுகை எந்த நேரத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. தொட்டிலில் கிடத்தி, கயிற்றைப் பிடித்து, சுவரோரம் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை விரித்தாள். ராவுத்தர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

செய்ய எனக்கு எதுவும் மிச்சம் இல்லை. இருந்தாலும் இப்படிப்பட்ட நேரத்தில் பெரியவன் என்று ஒருவன் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா?

"நிலோபரு, அத்தாவும் கூட இருக்கட்டுமா? ஒனக்கு ஒத்தாசையா இருக்கும்."

அவள் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்கத்தா."